கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கோடிங்: எதில் தொடங்குவது, எப்படி உடன் இருப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. வீட்டில் ஒரு லேப்டாப்பும் ஒரு டேப்லெட்டும் இருக்கின்றன. கேட்பவருக்குப் புரோகிராமிங் தெரியாது. பணம் கட்டாமல் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கோடிங்கை அறிமுகப்படுத்த முடியுமா? எதில் தொடங்குவது? கட்டண வகுப்பில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவார்களா?

முடியும். தேவையான மென்பொருள் எல்லாமே இலவசம். 'முதல் ஏழு நாள் மட்டும்' என்று சொல்லி கார்டு எண் கேட்கிற இலவசம் இல்லை, நிஜமான இலவசம். பல்கலைக்கழகங்களும் லாப நோக்கமில்லாத அமைப்புகளும் பல வருடங்களாக உருவாக்கி, திருத்தி வைத்திருப்பவை. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. இலவசமாகக் கிடைப்பது ஏராளம் என்பதால், ஆர்வமுள்ள பெற்றோர் ஒரே மாதத்தில் ஐந்தாறு செயலிகளை இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளை முதல் சில பாடங்களை முடிக்கிறது, நட்சத்திரங்கள் வாங்குகிறது, கடைசியில் எதுவும் ஒட்டுவதில்லை. அதனால் ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு பல மாதம் அதிலேயே இருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பாடங்களை முடிப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிள்ளை தன் மனதில் தோன்றிய ஒன்றைத் தானே செய்து முடித்ததா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் மகளுக்கு அந்த ஒரு கருவி ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. எட்டு முதல் பதினாறு வயதுவரை உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது. இதன் வேர் இன்னும் பழையது. 1967-ல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்ஸெய்க், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். கணினி பிள்ளையை இயக்கக் கூடாது, பிள்ளைதான் கணினியை இயக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் நிலைப்பாடு. இன்று 'கல்வி' என்ற பெயரில் வரும் பல செயலிகள் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கின்றன. ஒரு செயலியைப் பார்த்ததும் அதில் யார் யாரை இயக்குகிறார்கள் என்று யோசித்தால், பாதிக்கு மேல் கழித்துவிடலாம்.

ஸ்க்ராட்ச்சில் கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டியதுதான். அறுகோணக் குழியில் அறுகோண வடிவக் கட்டை மட்டும்தான் உட்காரும். ஆக, ஒரு காற்புள்ளி விட்டுப்போனதால் எதுவும் ஓடவில்லை என்ற எரிச்சல் இங்கே கிடையாது. தவறு வந்தால் அது யோசனையில் வந்த தவறாகத்தான் இருக்கும், பிள்ளை திருத்தப் பழக வேண்டியதும் அதைத்தான்.

பிரௌசரிலேயே ஓடும். இணையம் சரியாக இல்லை என்றால் லேப்டாப்பில் நிறுவிக்கொள்ளும் பதிப்பும் உண்டு, ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். எனக்குக் கேட்டால் நிறுவும் பதிப்பையே சொல்வேன், பக்கத்து டேபில் வீடியோ திறக்கிற வேலை இருக்காது. கணக்கு தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கணக்கு இல்லாமல் பிரௌசரில் செய்தால் ஒன்றை மறக்கக் கூடாது: டேபை மூடினால் வேலை போய்விடும். ஒவ்வொரு முறையும் ஃபைல் மெனுவில் போய்க் கணினியில் சேமிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே மகளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்து அதில் சேமிக்கப் பழக்கிவிடுங்கள். செய்தது தொலைந்துபோய் அழுத பிள்ளையை மறுபடி உட்கார வைப்பது சுலபம் இல்லை.

முதல் நாள் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நிஜமாகவே எதுவும் வேண்டாம். திறந்ததும் ஒரு ஆரஞ்சுப் பூனை நிற்கும். மகள் அதன் நிறத்தை மாற்றட்டும், மைக்கில் தன் குரலைப் பதிந்து பூனையைப் பேச வைக்கட்டும், பின்னணிப் படத்தை மாற்றட்டும். அரை மணி நேரம் இப்படிப் போனால் அந்த நாள் வீணாகிவிடவில்லை.

அடுத்த முறை, பூனையை ஓடவிடச் சொல்லுங்கள். பச்சைக் கொடியை அழுத்தினால் தொடங்கு, எப்போதும் திரும்பத் திரும்பச் செய், பத்து அடி நகர், ஓரத்தில் முட்டினால் திரும்பு. நாலே கட்டைகள். பூனை ஓடும், ஓரத்தில் முட்டும், திரும்பும்போது தலைகீழாகிவிடும்! எல்லாப் பிள்ளைகளும் இங்கே சிரிப்பார்கள். ஏன் இப்படி? பூனை 180 டிகிரி சுற்றித் திரும்புகிறது, அதனால் கால் மேலே போய்விடுகிறது. சுற்றும் பாணியை 'இடம்-வலம்' என்று மாற்றினால் சரியாகிவிடும். இது உங்கள் மகள் சந்திக்கும் முதல் பக், அதாவது நாம் கொடுத்த கட்டளைகளில் வரும் பிழை. அதைச் சரிசெய்யும் கட்டை எங்கே இருக்கிறது என்று நீங்கள் காட்டாதீர்கள். நகர்வுக் கட்டைகள் எல்லாம் நீல நிறம், மொத்தமே ஒரு பட்டியல்தான், தேடட்டும்.

அப்புறம் ஒரு முழு விளையாட்டு. மேலேயிருந்து ஒரு பந்து விழும், கீழே கூடையை அம்புக்குறி விசைகளால் நகர்த்திப் பிடிக்க வேண்டும். சாதாரண விளையாட்டுதான், ஆனால் ஒரு தொடக்கநிலைப் பாடத்தின் எல்லா முக்கியமான சமாச்சாரமும் இதற்குள் வந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பூனை நின்ற அந்தப் படப்பகுதிக்கு மேடை என்று பெயர். மேடையின் நடுப்புள்ளி சுழியம், சுழியம். இடமிருந்து வலமாக -240 முதல் 240 வரை, கீழிருந்து மேலாக -180 முதல் 180 வரை. பந்து மேலே ஏதோ ஓர் இடத்தில் தோன்ற வேண்டும் என்றால், கிடைமட்ட இடத்துக்கு -240-க்கும் 240-க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும், உயரத்துக்கு 180 வைக்க வேண்டும். பள்ளியில் குறை எண்கள் இன்னும் வராத பிள்ளைகூட இதை விரைவில் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் குறையைப் போட்டால் பந்து இடப்பக்கம் போவது கண்ணுக்குத் தெரிகிறது. விழுவதற்கு, உயரத்தில் ஐந்தைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடையைத் தொட்டால் மதிப்பெண் ஒன்று கூட வேண்டும், பந்து மறுபடி மேலே போக வேண்டும்.

இங்கே மூன்று பக்குகள் கிட்டத்தட்டக் கட்டாயம் வரும், வரவேற்றுக்கொள்ளுங்கள்.

பந்து கூடையைத் தொட்டும் மதிப்பெண் ஏறாது. காரணம், 'தொட்டதா' என்று பார்க்கும் கட்டையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டைக்கு வெளியே வைத்திருப்பாள். கொடியை அழுத்திய அந்த நொடியில் கணினி ஒருமுறை பார்த்தது, தொடவில்லை, விஷயம் முடிந்தது. கணினி தானாகக் காத்திருந்து கவனித்துக்கொண்டிருக்காது என்பது பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். அந்த ஆச்சரியம் வருவதற்கு நேரம் கொடுங்கள்.

அடுத்து, ஒரு பந்துக்கு மதிப்பெண் ஒன்றுக்குப் பதில் ஏழு, எட்டு என்று ஏறும். பிடித்ததும் பந்தை மேலே அனுப்ப மறந்திருப்பாள். பந்து கூடையைக் கடந்து போகும்வரை ஒவ்வொரு சுற்றிலும் தொட்டுக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடுகிறது. சில பிள்ளைகள் இதைப் பக் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், 'நல்லாத்தானே இருக்கு' என்பார்கள். விட்டுவிடலாம், அவர்கள் விளையாட்டு.

மூன்றாவது, இரண்டாம் முறை ஆடும்போது பழைய மதிப்பெண்ணிலிருந்தே தொடரும். ஆட்டம் தொடங்கும்போது மதிப்பெண்ணைச் சுழியமாக்க வேண்டும் என்று யாரும் கணினிக்குச் சொல்லவில்லை. தொழில்முறை நிரலாளர்களும் இன்றுவரை செய்கிற தவறு இது.

இந்த ஒரு விளையாட்டில் மாறி (மதிப்பெண் போல மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பு), நிபந்தனை ('தொட்டால்'), சுழற்சி (திரும்பத் திரும்பச் செய்வது), நிகழ்வு (கொடியை அழுத்துவது), ஆயத்தொலைவு (மேடையில் இடத்தைச் சொல்லும் எண்கள்), தற்செயல் எண் (ஏதோ ஓர் எண்) எல்லாம் வந்துவிட்டன. ஒன்றின் பெயரையும் முன்கூட்டியே விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தபின் 'இதுக்குப் பேர் மாறி' என்று போகிற போக்கில் சொன்னால் போதும்.

இனி உங்களைப் பற்றி. புரோகிராமிங் தெரியாதே என்ற கவலைதான் உங்கள் கேள்வியில் அதிகம் தெரிகிறது. இந்த வயதுக்கு அது குறையே இல்லை. தெரிந்தவர்கள் செய்யும் கெடுதலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்: பிள்ளை தடுமாறியதும் 'கொஞ்சம் தள்ளு' என்று மவுஸை வாங்கி இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள். படம் வரையும் பிள்ளையின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி நாமே வரைந்து முடிப்பது மாதிரி. படம் அழகாக வரும், ஆனால் அது பிள்ளையுடைய படம் இல்லை. மவுஸையும் கீபோர்டையும் தொடுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். விரலால் திரையைச் சுட்டிக் காட்டுவதுகூட எல்லை மீறல்தான்.

தொடாமல் என்ன செய்வது? கேள்வி கேளுங்கள். என்ன நடக்கும்னு நினைச்ச? என்ன நடந்துச்சு? எதுவரைக்கும் சரியா வந்துச்சு? மேலிருந்து கீழாகக் கட்டைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பாதித் தவறுகள் படிக்கும்போதே பிடிபட்டுவிடும். ஸ்க்ராட்ச்சில் ஒரு வசதி உண்டு: எந்தக் கட்டையையும் தனியே பிரித்து, அதன்மேல் கிளிக் செய்தால் அது மட்டும் ஓடும். சந்தேகம் உள்ள கட்டையைத் தனியாக ஓட்டிப் பார்ப்பது என்ற பழக்கம் வந்துவிட்டால், பிள்ளை பாதி நிரலாளர்.

நிஜமாகவே சிக்கிக்கொண்டால் அடுத்தவர் செய்ததைப் பார்ப்பதில் தவறில்லை. ஸ்க்ராட்ச் தளத்தில் மற்றவர்கள் வெளியிட்ட ஒவ்வொரு புராஜெக்ட்டையும் 'உள்ளே பார்' என்று திறந்து கட்டைகளைப் படிக்கலாம், பிரதி எடுத்து மாற்றலாம். இதற்கு 'ரீமிக்ஸ்' என்று பெயர், அங்கே அது திருட்டு இல்லை, நடைமுறை. ஆனால் அது பொதுவெளி என்பதை மறக்க வேண்டாம். பகிர்ந்த புராஜெக்ட்டை யாரும் பார்க்கலாம், கணக்கு உள்ளவர்கள் அதன்கீழ் கருத்து எழுதலாம். கணக்கு தொடங்கினால் உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், புகைப்படம் எதுவும் வேண்டாம்.

நேரம்? வாரத்தில் இரண்டு மூன்று முறை, முக்கால் மணி நேரத்துக்குள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் அடுத்த முறை தானாக வந்து உட்காருவாள்.

ஆறு வயது மகனுக்கு வருவோம். அவனுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது. 2014-ல் வந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரீனா பெர்ஸின் குழுவும் எம்ஐடியும் சேர்ந்து ஐந்து முதல் ஏழு வயதுக்காகச் செய்தது. உங்கள் டேப்லெட்டில் ஓடும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கட்டைகள் எல்லாம் அம்புக்குறியும் படமும்தான், இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். ஒரு புராஜெக்ட்டில் நான்கு பக்கங்கள் வைக்கலாம், அதனால் கதை சொல்லுவதற்குப் பொருத்தம். அவன் விளையாட்டு செய்வதைவிடக் கதை செய்வதையே விரும்புவான் என்பது என் ஊகம்.

அவனுக்குத் திரையே இல்லாமலும் நிறையச் செய்யலாம். இதை நான் சமாளிப்பாகச் சொல்லவில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் குழுவினர் கணினி இல்லாமலேயே கணினியியல் கற்பிக்க ஒரு முழுப் பாடத்தொகுப்பையே உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். 'சிஎஸ் அன்பிளக்டு' என்று தேடினால் கிடைக்கும். எளிமையான ஒன்று: நீங்கள் ரோபோ. மூடியிருக்கும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடிக்க வைக்க அவன் கட்டளை சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும் செய்யுங்கள். 'பாட்டிலை எடு' என்றால் எந்தக் கையால் என்று கேளுங்கள். 'மூடியைத் திருப்பு' என்றால் தவறான பக்கம் திருப்புங்கள். 'குடி' என்றால் மூடியோடு வாயில் வையுங்கள். கணினி நாம் நினைத்ததைச் செய்யாது, சொன்னதைத்தான் செய்யும் என்பது அவனுக்கு ஒரே ஆட்டத்தில் புரிந்துவிடும்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆட இன்னொன்று: ஒருவர் 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை நினைக்க, மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். 'பெரியது', 'சிறியது' என்று மட்டும் பதில். ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் எண்களைச் சரிபாதியாக வெட்டினால் அதிகபட்சம் ஏழு ஊகத்தில் கண்டுபிடித்துவிடலாம். எண் 1000 வரை போனால் எத்தனை ஊகம் வேண்டும் என்று மகளைக் கேளுங்கள். எழுபது என்பாள். பத்துதான்.

ஆங்கிலம் ஒரு தடையா? ஸ்க்ராட்ச்சின் மேல் ஓரத்து மெனுவில் மொழியை மாற்றலாம், அங்கே பல மொழிகள் உண்டு. ஆங்கிலத்திலேயே வைத்தாலும் திரும்பத் திரும்ப வருவது குறைந்த சொற்கள்தான், நிறமும் இடமும் பழகிவிடும். பின்னால், கட்டளைகளைத் தட்டி எழுதும் நிரல்மொழியான பைத்தானுக்கு வரும்போது மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். முழுக்கத் தமிழில் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற திறமூல மொழியும் இருக்கிறது. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் அச்சாகும். ஒரு மாலை நேரத்துக்கு அருமையான விளையாட்டு. ஆனால் உதவியும் பாடங்களும் ஏராளமாகக் கிடைப்பது பைத்தானுக்குத்தான் என்பதால் நீண்ட பயணத்துக்கு அதையே சொல்வேன்.

பைத்தானுக்கு எப்போது மாறலாம்? வயதைப் பார்க்காதீர்கள். கட்டைகளை இழுத்து இழுத்து அலுத்துப்போய், 'இதை டைப் பண்ண முடியாதா' என்று அவளே கேட்கும் நாள் வரும். பத்திலும் வரலாம், பதின்மூன்றிலும் வரலாம். அப்போது தோனி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவானது, பைத்தானும் அதனுள்ளேயே வந்துவிடும். நிரலை ஒவ்வொரு படியாக ஓட்டி, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும்.

பைத்தானோடு 'டர்ட்டில்' என்ற ஆமை வருகிறது, கட்டளைப்படி நகர்ந்து திரையில் கோடு போடும். லோகோவில் இருந்த அதே ஆமைதான். 100 அடி போ, 90 டிகிரி திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் சதுரம் வரும். முக்கோணத்துக்கு எத்தனை டிகிரி என்று கேட்டால் பள்ளியில் படித்ததை வைத்து 60 என்பாள். போட்டுப் பார்த்தால் அறுகோணத்தின் பாதி வரும். ஆமை திரும்புவது வெளிக்கோணத்தில், அதனால் 120. அடுத்து 144 டிகிரியில் ஐந்து முறை திரும்பச் சொல்லுங்கள், நட்சத்திரம் வரும். ஏன் 144 என்று உடனே விளக்காதீர்கள்.

பைத்தானில் இருக்கும் மூன்று கண்ணிகளை மட்டும் நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும். பிழைச் செய்தி நீளமாக வந்து பயமுறுத்தும். கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், விஷயம் அங்கேதான் இருக்கும். இரண்டாவது, விசைப்பலகையில் தட்டிய எண்ணைப் பைத்தான் எழுத்தாகத்தான் வாங்கும். எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால், சரியான விடையைத் தட்டினாலும் 'தவறு' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மூன்றாவது, தான் எழுதிய கோப்புக்கே 'டர்ட்டில்' என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டால், பைத்தான் உண்மையான ஆமையை விட்டுவிட்டு அந்தக் கோப்பையே எடுத்துக்கொண்டு குழம்பும். கோப்பின் பெயரை மாற்றினால் தீர்ந்தது. தெரியாதவர்கள் இதில் ஒரு மாலையைத் தொலைத்துவிடுவார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்.ஆர்க் தளத்தின் பாடங்கள் நன்றாக இருக்கின்றன, மழை நாளுக்கு ஏற்றவை. ஆனால் புதிர் முடிந்ததும் அடுத்த புதிர் என்று போவதால் சொந்தமாகச் செய்வதற்கு ஈடாகாது. போனில் ஓடும் செயலி செய்ய ஆசைப்பட்டால் எம்ஐடி ஆப் இன்வென்டர். மின்னணுச் சாதனங்களில் ஆர்வம் இருந்தால் மேக்கோட் தளத்தில் மைக்ரோபிட் என்ற சிறு கணினியைத் திரையிலேயே இயக்கிப் பார்க்கலாம், பலகையை வாங்க வேண்டியதில்லை. வெறும் மொபைலில் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று பலர் கேட்பார்கள். ஸ்க்ராட்ச்சுக்கு அந்தத் திரை போதாது, டேப்லெட் பரவாயில்லை.

ஏஐயிடம் கேட்டால் முழு நிரலையும் எழுதிக் கொடுத்துவிடுமே என்றால், கொடுக்கும். அதனால்தான் இந்தக் கட்டத்தில் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம் என்கிறேன். அந்தச் சேவைகள் பலவற்றுக்கு வயது வரம்பும் இருக்கிறது. ஒரு பிழைச் செய்தியின் அர்த்தம் என்ன என்று நீங்கள் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை.

கடைசியாக, வகுப்பில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவார்களா என்ற கேள்வி. மாட்டார்கள். ஒன்பது வயதில் தொடங்காததால் பின்னாளில் நிரலாளராக முடியாமல் போனவர் என்று யாரும் இல்லை, பதினெட்டில் தொடங்கியவர்கள்தான் இந்தத் துறை முழுக்க இருக்கிறார்கள். 'இப்போது விட்டால் போச்சு' என்று யாராவது போனில் அவசரப்படுத்தினால் அது விற்பனைப் பேச்சு. மகளுக்கு இது பிடிக்கவே இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி திறந்து காட்டலாம். வகுப்பு பயன்படும் நிலை ஒன்று உண்டு: நீங்கள் உதவக்கூடிய எல்லையை அவள் தாண்டிவிட்டாள், கூடச் சேர்ந்து செய்ய நண்பர்கள் வேண்டும் என்கிறாள். அப்போது சேர்ப்பதற்கு முன், அங்கே படித்த பிள்ளைகள் செய்தவற்றில் நாலைந்தைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே விளையாட்டாக, பெயரும் நிறமும் மட்டும் மாறி இருந்தால், வேறு இடம் பாருங்கள்.